விடையோடு வழியும்: மேஜிக் அட்டை விளையாட்டில் விதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லுதல்

விதிக் கேள்வி ஒன்றுக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி முடிப்பது பாதிப் பதில்தான். எந்த விதியின் வழியாக அந்த முடிவு வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான், கேட்டவர் அடுத்த ஆட்டத்தில் யாரையும் எதிர்பாராமல் தாமே விடை காண முடியும். எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும் இக்கருத்து, மேஜிக்: தி கேதரிங் என்னும் மாயாஜால அட்டை விளையாட்டில் தனிக் கனம் பெறுகிறது. சதுரங்கத்தின் விதிகளையோ ரம்மியின் விதிகளையோ ஒரு முறை கற்றுக்கொண்டால் அத்துடன் கற்றல் முடிந்துவிடுகிறது. மேஜிக்கிலோ ஒவ்வோர் அட்டையும் தனக்குரிய விதியைத் தன் முகத்திலேயே தாங்கி வருவதால், கற்றல் முடிவதேயில்லை, கேள்விகளும் முடிவதில்லை.

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய இவ்விளையாட்டை அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993ஆம் ஆண்டு வெளியிட்டது. அட்டைகளை வாங்கியும் பிறரோடு மாற்றிக்கொண்டும் சேகரித்து, அவற்றிலிருந்து தனக்கென ஒரு கட்டை அமைத்து ஆடும் வகை என்பதால் இது ‘டிரேடிங் கார்டு கேம்’ எனப்படுகிறது. இருவர் ஆடும் வழக்கமான ஆட்டத்தில் ஒவ்வொருவரும் 20 உயிர்ப்புள்ளிகளோடு தொடங்குகிறார்கள். நில அட்டைகளிலிருந்து ‘மானா’ என்னும் மந்திர ஆற்றலைப் பெற்று, அதைச் செலவிட்டு மந்திரங்களை ஏவி, உயிரினங்களைக் களத்தில் இறக்கி, எதிராளியின் உயிர்ப்புள்ளிகளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர முயல்கிறார்கள். இன்றுவரை வெளிவந்துள்ள வெவ்வேறு அட்டைகள் 25,000-க்கும் மேற்பட்டவை. அட்டையின் வாசகமும் பொது விதியும் முரண்பட்டால் அட்டையின் வாசகமே நிற்கும் என்பது இவ்விளையாட்டின் முதல் நெறி. ஒரு வாசகம் ஒன்றைச் செய்யலாம் என்றும் இன்னொன்று செய்யக் கூடாது என்றும் கூறினால் தடையே வெல்லும் என்பது அதை அடுத்த நெறி. இந்த இரண்டு நெறிகளையும் அறிந்தவர் கேள்விகளில் கணிசமான பகுதிக்கு நூலைப் புரட்டாமலேயே விடை சொல்லிவிடலாம்.

இத்தனை ஆயிரம் அட்டைகளில் எந்த இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கலாம் என்பதால், எல்லாக் கேள்விகளுக்கும் முன்கூட்டியே விடைப்பட்டியல் எழுதிவைப்பது இயலாத காரியம். (2019ஆம் ஆண்டு அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பிடர்மன், ஆஸ்டின் ஹெரிக் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில், மேஜிக்கின் அட்டைகளைக் கொண்டே டூரிங் இயந்திரம் என்னும் கற்பனைக் கணினியை அமைக்க முடியும் என்றும், ஆகவே அடுத்தடுத்த நகர்வுகள் எல்லாம் கட்டாயமாகிவிட்ட நிலையில்கூட யார் வெல்வார் என்பதை எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான ஒரு கணக்குமுறையால் தீர்மானிக்க முடியாது என்றும் நிறுவினார்கள்.) ஆயினும் ஒவ்வோர் அடியையும் எப்படி எடுத்து வைப்பது என்பதில் விதிநூல் பெரிதும் தெளிவாகவே இருக்கிறது. ‘காம்ப்ரிஹென்சிவ் ரூல்ஸ்’ எனப்படும் முழு விதித்தொகுப்பு, ஆட்டத்தின் அடிப்படைகள், அட்டையின் உறுப்புகள், அட்டை வகைகள், களம் முதலிய இடங்கள், ஒரு முறையின் அமைப்பு, மந்திரங்களும் திறன்களும் உள்ளிட்ட ஒன்பது பெரும் பகுதிகளாக எண்ணிடப்பட்டு, இறுதியில் சொற்பொருள் பட்டியலோடு, எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடப்படுகிறது. விடை சொல்பவரின் தகுதி இந்த நூலை மனப்பாடம் செய்திருப்பதில் இல்லை. வந்த கேள்வி இந்த ஒன்பதில் எதைச் சேர்ந்தது என்று விரைந்து அறிவதே அவருடைய தகுதி.

விடை தொடங்க வேண்டிய இடம் அட்டையின் வாசகம். ஆனால் கையில் உள்ள அட்டையில் அச்சிட்டிருப்பது எப்போதும் நடைமுறை வாசகம் அன்று. 1993ஆம் ஆண்டு அச்சிட்ட கவுன்டர்ஸ்பெல் அட்டையில் ‘இன்டரப்ட்’ என்னும் வகைப்பெயர் காணப்படுகிறது. அவ்வகையே 1999ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டு, அந்த அட்டை இன்று ‘இன்ஸ்டன்ட்’, அதாவது எந்நேரமும் ஏவத்தக்க மந்திரம், எனக் கொள்ளப்படுகிறது. இவ்வாறு திருத்தப்பட்டு நடைமுறையில் உள்ள வாசகம் ‘ஆரக்கிள்’ வாசகம் எனப்படும். அதைக் ‘கேதரர்’ என்னும் அதிகாரப்பூர்வத் தரவுத்தளத்தில் காணலாம். அட்டையின் பெயரைக் கேட்டதும் நினைவிலிருந்து விடை சொல்லத் தொடங்குபவரைவிட, அந்த வாசகத்தை எடுத்து உரக்கப் படித்துவிட்டுத் தொடங்குபவரே நம்பத் தகுந்தவர். கேட்டவர் வாசகத்தை முழுமையாகக் கேட்ட கணத்திலேயே தம் ஐயம் தீர்ந்து போவதும் அடிக்கடி நிகழ்கிறது.

அடுத்ததாக, கேள்வியில் விடுபட்டதைக் கேட்டறிய வேண்டும். “லைட்னிங் போல்ட் விழுந்தால் என் கரடி பிழைக்குமா?” என்று கேட்பவர், அக்கரடிக்கு ஜயண்ட் குரோத் மந்திரமும் ஏவப்பட்டிருந்தது என்று சொல்லலாம், ஆனால் எது முதலில் ஏவப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார். விடை முழுவதும் அந்த வரிசையையே சார்ந்திருக்கிறது. மந்திரங்களும் பெரும்பாலான திறன்களும் ஏவியவுடன் செயலுக்கு வருவதில்லை. ‘ஸ்டாக்’ என்னும் காத்திருப்பு இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இரு ஆட்டக்காரரும் மேற்கொண்டு எதையும் ஏவாமல் அடுத்தடுத்து விட்டுக்கொடுக்கும்போது, கடைசியாக ஏறியது முதலில் செயலுக்கு வருகிறது. கிரிஸ்லி பேர்ஸ் என்னும் கரடியின் வலிமை 2, தாங்குதிறன் 2. லைட்னிங் போல்ட் 3 சேதம் விளைவிக்கும். ஜயண்ட் குரோத் அந்த முறை முடியும்வரை வலிமையையும் தாங்குதிறனையும் மும்மூன்று கூட்டும். போல்ட் முதலில் ஏவப்பட்டு அதற்கு மறுமொழியாகக் குரோத் ஏவப்பட்டால், குரோத் முதலில் செயல்பட்டுக் கரடியின் தாங்குதிறன் 5 ஆகிவிடுவதால் 3 சேதம் அதைக் கொல்லாது. குரோத் முதலில் ஏவப்பட்டு அதற்கு மறுமொழியாக போல்ட் வந்தாலோ, கரடி 2 தாங்குதிறனோடு இருக்கும்போதே சேதம் விழுந்து மடிகிறது. பின்னர் வரும் குரோத் மந்திரத்துக்கு இலக்கே இல்லாமற்போவதால் அது பயனின்றி நீங்குகிறது. அட்டைகள் அவையே, களமும் அதுவே. விடை மட்டும் நேர்மாறாகிறது.

இங்கேதான் கதையைச் சார்ந்த ஊகம் புதியவர்களை வழிதவறச் செய்கிறது. பிராடிகல் சோர்சரர் என்னும் மந்திரவாதி அட்டையைப் பக்கவாட்டில் திருப்பினால் விரும்பிய இலக்குக்கு 1 சேதம் விளைவிக்கலாம். (மாண்டி பைதான் அண்ட் தி ஹோலி கிரெய்ல் திரைப்படத்தில் தோன்றும் மந்திரவாதியின் நினைவாக ஆட்டக்காரர்கள் இந்த அட்டையை ‘டிம்’ என்றே அழைக்கிறார்கள்.) அவர் அவ்வாறு தாக்க முனையும்போது மறுமொழியாக அவரைக் கொன்றுவிட்டால் தாக்குதல் நின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள், செத்தவன் எப்படித் தாக்குவான் என்று அவர்கள் கேட்பதில் கதை நியாயம் இருக்கிறது. விதி வேறு. ஸ்டாக்கில் ஏறிவிட்ட திறன், தான் பிறந்த அட்டையிலிருந்து பிரிந்து தனித்து நிற்கிறது; அட்டை களத்தை விட்டு நீங்கினாலும் திறன் செயலுக்கு வந்தே தீரும். இதற்கு நெருங்கிய உறவுடைய இன்னொரு கேள்வி விலை பற்றியது. ஃபிளிங் என்னும் மந்திரத்தை ஏவ ஓர் உயிரினத்தைப் பலியிட வேண்டும். பலியான உயிரினத்தின் வலிமை எவ்வளவோ அவ்வளவு சேதம் இலக்குக்கு விழும். அந்த உயிரினம் பலியிடப்படுவதற்கு முன் எதிராளி அதைக் கொன்றுவிட முடியுமா என்றால், முடியாது. மந்திரத்தை அறிவித்து, இலக்கைத் தேர்ந்து, விலையைக் கட்டி முடிக்கும்வரை வேறெவருக்கும் செயல்படும் வாய்ப்பு, அதாவது ‘பிரயாரிட்டி’, வருவதேயில்லை. இவ்விரண்டையும் சேர்த்து விளக்கினால் ‘எப்போது குறுக்கிடலாம்’ என்ற தலைப்பில் எழும் கேள்விகளின் பெரும்பகுதி ஒரே அமர்வில் தெளிந்துவிடும்.

நேரக் கணக்கின் நுட்பத்தைக் காட்ட 2007ஆம் ஆண்டு வெளிவந்த டார்மோகாய்ஃப் என்னும் உயிரினத்தைவிடச் சிறந்த பாடம் அரிது. எல்லா ஆட்டக்காரர்களின் கல்லறைகளிலும் (பயன்படுத்தி முடித்த அட்டைகள் சேரும் இடம் கல்லறை எனப்படும்) எத்தனை வகை அட்டைகள் உள்ளனவோ அதுவே அதன் வலிமை. அதனினும் ஒன்று கூடுதல் அதன் தாங்குதிறன். கல்லறைகளில் நிலமும் உயிரினமும் மட்டும் இருந்தால் அது 2 வலிமையும் 3 தாங்குதிறனும் கொண்டிருக்கும். அந்நிலையில் அதன்மேல் லைட்னிங் போல்ட் ஏவினால், 3 சேதம் 3 தாங்குதிறனுக்குப் போதும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் டார்மோகாய்ஃப் பிழைத்துவிடுகிறது. ஏனெனில், சேதம் விழுந்தவுடனே உயிரினம் மடிவதில்லை. மடியத்தக்க சேதம் ஏறியதா, உயிர்ப்புள்ளி பூச்சியமானதா என்பன போன்றவற்றை ஆட்டம் தானே சரிபார்க்கும் ஒரு கட்டம் உண்டு; ‘ஸ்டேட் பேஸ்டு ஆக்ஷன்’ எனப்படும் அச்சரிபார்ப்பு, ஒரு மந்திரம் முழுமையாகச் செயல்பட்டு முடிந்து, அடுத்து ஒருவருக்குச் செயல்படும் வாய்ப்பு வரவிருக்கும் தறுவாயில்தான் நடைபெறுகிறது. மந்திரம் செயல்படுவதன் கடைசிப் படி அந்த மந்திர அட்டையே கல்லறைக்குச் செல்வது. ஆகவே சரிபார்க்கும் நேரத்தில் கல்லறையில் ‘இன்ஸ்டன்ட்’ என்னும் மூன்றாவது வகை சேர்ந்து, டார்மோகாய்ஃபின் தாங்குதிறன் 4 ஆகிவிட்டிருக்கும். முன்னரே ஏதேனும் கல்லறையில் வேறோர் இன்ஸ்டன்ட் இருந்திருந்தால் வகை எண்ணிக்கை கூடாது, அது மடிந்திருக்கும். ‘பிழைக்கும்’ என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்டவர் இந்த இரண்டாம் நிலையில் தவறிழைப்பார். காரணத்தையும் கேட்டுச் சென்றவர் தவறமாட்டார்.

கேள்விகளில் இன்னொரு பெருங்கூட்டம் ‘பாதுகாப்பு’ பற்றியது. பிளாக் நைட் என்னும் வீரனுக்கு வெள்ளை நிறத்திலிருந்து பாதுகாப்பு உண்டு. ராத் ஆஃப் காட் என்னும் வெள்ளை மந்திரமோ களத்தில் உள்ள எல்லா உயிரினங்களையும் அழிக்கிறது. வீரன் பிழைப்பானா என்றால் பிழைக்கமாட்டான். ஒரு நிறத்திலிருந்து பாதுகாப்பு என்பது நான்கு செயல்களை மட்டுமே தடுக்கும்: அந்நிறத்தால் விளையும் சேதம், அந்நிறத்து அட்டை ஒட்டிக்கொள்ளுதல், அந்நிறத்து உயிரினம் அதைத் தடுத்து நிற்றல், அந்நிறத்தவை அதை இலக்காகக் குறித்தல். ராத் ஆஃப் காட் எதையும் இலக்காகக் குறிப்பதில்லை, சேதமும் விளைவிப்பதில்லை. எல்லாவற்றையும் அழிக்கிறது, அவ்வளவே. இதைப் போன்றதே அழியாத்தன்மை. டார்க்ஸ்டீல் கொலோசஸ் என்னும் மாபெரும் உருவத்தை அழிக்க இயலாது. எனினும் டயபாலிக் ஈடிக்ட் மந்திரத்தால் எதிராளியைத் தன் உயிரினம் ஒன்றைப் பலியிடச் செய்யலாம், அவரிடம் கொலோசஸ் மட்டுமே இருந்தால் அதுவே பலியாக வேண்டும். பலியிடுதல் அழித்தல் ஆகாது என்பதே இதன் அடிப்படை. (கொலோசஸ் அப்போதும் கல்லறைக்குப் போகாது, அதன் தனித்திறனால் உரியவரின் கட்டிலேயே கலக்கப்பட்டுவிடும்.) பாதுகாப்பு, அழியாத்தன்மை போன்றவற்றைப் பொதுவான கவசமாக எண்ணாமல், குறிப்பிட்ட சில செயல்களுக்கான தடைகளாக எண்ணப் பழக்கிவிட்டால், இவ்வகைக் கேள்வி கேட்டவருக்கு மீண்டும் எழாது.

விதிநூலின் மிகக் கடினமான பகுதி என்று பலரும் அஞ்சுவது, நீடித்த விளைவுகள் ஒன்றோடொன்று மோதும்போது அவற்றை எந்த வரிசையில் கணக்கிடுவது என்பதைக் கூறும் 613ஆம் விதி. அது விளைவுகளை ஏழு ‘லேயர்’களாக, அதாவது ஏழு கணக்கீட்டுப் படிகளாக, வகுக்கிறது: நகலாக்கம், கட்டுப்பாடு, வாசகம், வகை, நிறம், திறன், இறுதியாக வலிமையும் தாங்குதிறனும். ஒரே படியில் இரண்டு மோதினால் பொதுவாக முந்தி வந்தது முந்திக் கணக்கிடப்படும். ஆனால் ஒன்றின் இருப்பே மற்றொன்றைச் சார்ந்திருந்தால், சார்ந்திருப்பது காத்திருக்க வேண்டும். பிளட் மூன் அட்டை, அடிப்படை நிலங்கள் அல்லாத எல்லா நிலங்களையும் மலையாக்குகிறது. அர்போர்க், டூம் ஆஃப் யாக்மாத் என்னும் நிலம், எல்லா நிலங்களுக்கும் சதுப்பு என்னும் வகையைக் கூட்டுகிறது. இரண்டும் நான்காம் படியைச் சேர்ந்தவை. அர்போர்க் முந்தியே களத்தில் இருந்தாலும், பிளட் மூன் அதை வெறும் மலையாக்கி அதன் திறனையே பறித்துவிடும் என்பதால், பிளட் மூன் முதலில் கணக்கிடப்படுகிறது. எந்த நிலமும் சதுப்பாவதில்லை.

இதனினும் புகழ்பெற்ற சிக்கல் ஹியூமிலிட்டியும் ஓபலெசன்ஸும் சந்திப்பது. இரண்டும் ‘என்சான்ட்மென்ட்’ எனப்படும், களத்தில் நிலைத்திருந்து செயல்படும் அட்டைகள். ஹியூமிலிட்டி எல்லா உயிரினங்களின் திறன்களையும் பறித்து அவற்றை 1 வலிமையும் 1 தாங்குதிறனும் உடையவை ஆக்குகிறது. ஓபலெசன்ஸோ தன்னைத் தவிர்த்த பிற என்சான்ட்மென்ட்களை, அவற்றின் மானா விலைக்கு ஈடான வலிமையும் தாங்குதிறனும் உடைய உயிரினங்களாக மாற்றுகிறது. (அட்டைகளின்மேல் ஒட்டும் ‘ஆரா’ வகை மட்டும் இதற்கு விலக்கு.) ஆகவே ஹியூமிலிட்டியும் உயிரினமாகித் தன் திறனைத் தானே இழக்கிறது. அப்படியானால் அதன் விளைவும் நின்றுவிட வேண்டாமா? நிற்பதில்லை. திறன்களுக்குரிய ஆறாம் படியில் செயல்படத் தொடங்கிவிட்ட ஒரு விளைவு, இடையில் அதன் மூலமே இல்லாமற்போனாலும் ஏழாம் படிவரை தொடரும் என்று அதே விதி கூறுகிறது. ஏழாம் படியில் இரண்டும் வெவ்வேறு எண்களை விதிப்பதால், பின்னர் களத்துக்கு வந்ததே நிலைக்கிறது: ஹியூமிலிட்டி பிந்தி வந்திருந்தால் அதன் எண்கள் ஒன்றும் ஒன்றும், ஓபலெசன்ஸ் பிந்தி வந்திருந்தால் ஹியூமிலிட்டியின் மானா விலைப்படி நான்கும் நான்கும். தோற்றத்தில் புதிராகத் தெரியும் இந்த முடிவு, படிகளைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாக இறங்கி வருபவருக்குக் கூட்டல் கணக்கைவிடக் கடினமானதன்று; ஆகவே இத்தகைய கேள்விக்கு விடை சொல்பவர் படிகளை எழுதியே காட்ட வேண்டும்.

விதிகள் காலத்தோடு மாறுகின்றன என்பதும் மறக்கத்தக்கதன்று. ஸ்டாக் என்னும் ஏற்பாடே 1999ஆம் ஆண்டு ஆறாம் பதிப்போடுதான் வந்தது. அப்போது முதல் 2009 வரை போர்ச் சேதமும் ஸ்டாக்கில் ஏறிக் காத்திருந்ததால், மாக் ஃபனாட்டிக் போன்ற உயிரினம் போர்ச் சேதத்தை ஏற்றிவிட்டு, பிறகு தன்னைப் பலியிட்டு மேலும் 1 சேதமும் தர முடிந்தது. 2009இல் அவ்விதி நீக்கப்பட்டபின் இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. செலவிடாத மானா உடையவரையே சுடும் ‘மானா பர்ன்’ விதியும் அதே ஆண்டு நீங்கியது. ஒரே பெயருடைய புகழ்வாய்ந்த பாத்திரம் களத்தில் ஒன்றே இருக்கலாம் என்ற விதி, 2013 முதல் ஒவ்வோர் ஆட்டக்காரரிடமும் ஒன்று இருக்கலாம் என்று தளர்ந்தது. தடுத்து நிற்கும் பல உயிரினங்களுக்கு முன்கூட்டியே வரிசை வகுத்துச் சேதத்தைப் பங்கிடும் முறை 2024 நவம்பரில் கைவிடப்பட்டது. ஆகவே, பல ஆண்டுகள் ஆடி வந்தவரின் உறுதியான நினைவு, அண்மையில் விதியைப் படித்த புதியவரின் வாசிப்பைவிட மேலானது என்று கொள்ள முடியாது. அனுபவம் மதிப்புக்குரியது, ஆனால் தீர்ப்புக்கு ஆதாரம் நடப்பு விதிநூல் ஒன்றே.

போட்டிகளில் இப்பணியைச் செய்பவர்கள் நடுவர்கள். அவர்களுடைய கடமை விதியை விளக்குவதோடு முடிகிறது. எப்படி ஆடினால் நல்லது என்ற அறிவுரை அவர்களிடமிருந்து வரக் கூடாது. இந்த எல்லையைப் போட்டி விதிகள் மிக நுட்பமாக வரைந்துள்ளன. களத்தில் வெளிப்படையாக உள்ளவற்றைக் கொண்டு ஆட்டக்காரர் தாமே கணக்கிட்டு அறிய வேண்டியவை ‘பெறப்படும் தகவல்’ என்ற பிரிவில் அடங்கும். டார்மோகாய்ஃபின் இப்போதைய வலிமை என்ன என்பது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடைகளில் நடைபெறும் எளிய போட்டிகளில் அதை யாரும் கேட்டறியலாம். கடும் போட்டிகளிலோ நடுவர் அதைக் கணக்கிட்டுத் தரலாகாது, அட்டையின் ஆரக்கிள் வாசகத்தைத் தரலாம். கணக்கிடும் திறமையும் ஆட்டத் திறமையின் ஒரு பகுதி என்பதால் இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. நடுவரின் முடிவில் நிறைவில்லாத ஆட்டக்காரர், அந்நடுவர் சொல்லி முடித்தபின் தலைமை நடுவரிடம் முறையிடலாம். தலைமை நடுவரின் தீர்ப்பே இறுதியானது. இத்தகைய முறையீட்டை அவமதிப்பாகக் கருதாமல் ஆட்டக்காரரின் உரிமையாக ஏற்கும் பண்பு, விதிகளைச் சொல்லும் ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

போட்டிகளுக்கு அப்பால் நண்பர்களிடையே விதி கேட்கப்படும்போதும் இதே ஒழுங்கு பயன் தரும். வாசகத்தைப் படித்தல், விடுபட்ட நிகழ்வரிசையைக் கேட்டறிதல், முடிவை ஒரே வாக்கியத்தில் கூறுதல், அதற்குரிய விதி எண்ணைக் காட்டுதல், ஒன்றை மாற்றினால் விடை எப்படி மாறும் என்று அருகிலுள்ள இன்னொரு நிலையைச் சொல்லுதல் என்னும் ஐந்தும் முடிந்தால்தான் ஒரு கேள்விக்கு முழு விடை கிடைத்ததாகும். புதியவர் கேட்கும் எளிய கேள்வியும் ஹியூமிலிட்டி பற்றிய கடினக் கேள்வியும் ஒரே பொறுமைக்கு உரியவை. முதல் கேள்வியிலேயே ஏளனத்தைச் சந்தித்தவர் இரண்டாவதைக் கேட்க வருவதில்லை, காலப்போக்கில் ஆடவும் வருவதில்லை. ஆகவே, விதி தெரிந்த வாசகர் ஒவ்வொருவரும் அடுத்த முறை யாரேனும் ஐயம் கேட்கும்போது, நினைவிலிருந்து தீர்ப்பு வழங்காமல், நடப்பு விதிநூலைக் கேட்டவர் முன் திறந்துவைத்து, உரிய விதியை இருவருமாகச் சேர்ந்து படிக்க வேண்டும்.